மண்டி மொஹல்லாவின் ஈட்டி மரமும் மந்தரத் தந்தியும்

மண்டி என்ற சொல்லைத் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. அரிசி மண்டி, வெல்ல மண்டி, வாழைக்காய் மண்டி என்று நம் ஊர்களில் மொத்த வாணிகம் நடைபெறும் இடங்களுக்கெல்லாம் அதுவே பெயர். மொஹல்லா என்பது உருதுவில் குடியிருப்புப் பகுதியைக் குறிக்கும். இவ்விரண்டும் சேர்ந்து, மைசூரில் அரண்மனைக்கு வடக்கே உள்ள ஒரு பழைய பேட்டையின் பெயராகி, மண்டி மொஹல்லா என வழங்குகின்றன. பிழைப்பின் பொருட்டு மைசூரில் குடியேறிய நம்மவர் பலர் நாள்தோறும் கடந்து செல்லும் இடந்தான் அது.

அங்குள்ள சந்துகளில் தலைமுறை தலைமுறையாக நடந்து வரும் தொழில்களுள் ஒன்று, ஈட்டி மரத்தில் சித்திரம் பதிக்கும் வேலை. அந்த ஈட்டி மரமே கடல் கடந்து சென்று, மேனாட்டுச் சங்கீதத்தில் பேஸ் கிட்டார் எனப்படும் வாத்தியத்தின் விரற்பலகையாகி, உலகெங்கும் இளைஞர் விரல்களின் கீழ்க் கிடக்கிறது. இவ்விரண்டிற்கும் உள்ள உறவையும், அவ்வுறவினால் விளைந்த சட்டச் சிக்கல்களையும் ஈண்டு ஆராய்வோம்.

முதலில் வாத்தியத்தைப் பார்ப்போம். பேஸ் கிட்டாருக்கு முன்னர் மேனாட்டு வாத்தியக் குழுக்களில் கீழ்ச்சுருதிக்குரியதாக இருந்தது, ஆள் உயரத்திற்கு மேற்பட்ட டபிள் பேஸ் என்னும் பெரு வயலின். அதைத் தூக்கிச் செல்வது பெரும்பாடு. ஊர் ஊராகச் செல்லும் குழுவினருக்கு அது ஒரு தண்டனை. முரசுகளும் பித்தளைக் குழல்களும் முழங்கும் நடன மண்டபத்திலோ அதன் ஒலி எவர் காதிலும் விழாது. அமெரிக்காவில் சியாட்டில் நகரத்துப் பால் டட்மார்க் என்பவர் 1930களிலேயே மின்விசையால் ஒலிக்கும் சிறிய பேஸ் ஒன்றைச் செய்து விற்றார், அது பரவவில்லை. 1951ஆம் ஆண்டில் கலிபோர்னியாவைச் சேர்ந்த லியோ ஃபெண்டர் 'பிரிசிஷன் பேஸ்' என்ற வாத்தியத்தை வெளியிட்டார். தந்திகள் நான்கு, மெட்டுகள் இருபது, தந்தியின் ஒலிக்கும் நீளம் 34 அங்குலம். துல்லியம் என்னும் பொருள்பட அதற்குப் பெயரிட்டமைக்குக் காரணம் மெட்டுகளே. மெட்டில்லாத டபிள் பேஸில் ஸ்வரத்தைக் காதால் தேடிப் பிடிக்க வேண்டும். இதிலோ மெட்டின் பின்னால் விரலை அழுத்தினால் ஸ்வரம் தானே நிற்கும். வீணைக்கும் கோட்டு வாத்தியத்திற்கும் உள்ள வேற்றுமையை அறிந்த நமக்கு இதனை மேலும் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

வாத்தியம் மட்டும் போதாது. அதற்கேற்ற ஒலிபெருக்கியும் வேண்டும். கீழ்ச்சுருதிக்குக் காற்றை மிகுதியாக அசைத்தாக வேண்டும். ஆகவே பேஸ் வாசிப்பவருக்கென்றே 'பேஸ்மன்' என்னும் ஒலிபெருக்கியை ஃபெண்டர் 1952இல் கொணர்ந்தார். 1960இல் 'ஜாஸ் பேஸ்' வந்தது. டெட்ராய்ட் நகரத்து ஜேம்ஸ் ஜேமர்ஸன் பிரிசிஷன் பேஸில் வழவழப்பான தட்டைச் சுற்றுக் கம்பிகளைப் பூட்டி, பெரும்பாலும் ஒற்றை ஆட்காட்டி விரலாலேயே மீட்டி, அக்காலத்துப் பாடல்களுக்கு அடிமட்டம் அமைத்தார். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னியின் கையில் ஹாஃப்னர் என்னும் ஜெர்மானியப் பேஸ் இருந்தது. பின்னர் ஜாக்கோ பாஸ்டோரியஸ் என்பவர், மெட்டுகள் நீக்கப்பெற்ற ஒரு பழைய ஜாஸ் பேஸின் ஈட்டி விரற்பலகைமேல் படகுகளுக்குப் பூசும் எப்பாக்ஸிப் பசையைப் பூசி, கமகம் போன்ற வழுக்கலோடு வாசித்து 1976இல் இசைத்தட்டு வெளியிட்டார். எட்டுக் கட்டை தாண்டி ஓடியவர் மறுபடியும் கோட்டு வாத்தியத்திற்கே வந்து சேர்ந்தார் போலும்!

இனி, மண்டி மொஹல்லாவுக்குத் திரும்புவோம். கிட்டாரின் விரற்பலகையை உற்று நோக்கினால் மூன்றாம், ஐந்தாம், ஏழாம், ஒன்பதாம் மெட்டிடைகளில் வெண்மையான புள்ளிகள் தெரியும். பன்னிரண்டாவதில் மட்டும் இரண்டு புள்ளிகள். அங்கே தந்தி சரிபாதியாகிறது. 34 அங்குலம் 17 அங்குலமாகி, ஸ்வரம் ஒரு ஸ்தாயி உயர்கிறது. விலையுயர்ந்த வாத்தியங்களில் இப்புள்ளிகள் முத்துச்சிப்பியால் ஆனவை. கருமை கலந்த மரத்தில் குழி அகழ்ந்து, அக்குழிக்கு அளவாக வெட்டிய வெண்பொருளை ஒட்டி, மேற்பரப்பு ஒன்றாகும்படி தேய்த்து மெருகிடுவதே இவ்வேலை. மைசூர்ப் பதிப்பு வேலையும் இதுவேதான். வரைந்த சித்திரத்தை மரத்தில் படியெடுத்து, நுண்ணிய வாளால் யானையையும் மயிலையும் துண்டு துண்டாக அறுத்து, குழிகளில் பொருத்தி, தேய்த்து, கண்ணும் தோகையும் தெரிய மெல்லிய கோடுகளைக் கீறிக் கருமையேற்றுவர். ஒரு காலத்தில் பதிக்கப்பட்டது தந்தம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் வந்தது. 1989இல் உலகத் தந்த வாணிகம் தடைப்பட்டது. அதன் பின்னர் மஞ்சள், வெள்ளை, சிவப்பு நிறமுள்ள பல மரங்களும் பிளாஸ்டிக்கும் தந்தத்தின் இடத்தைப் பிடித்தன. தந்தப் பதிப்பைக் காண விரும்புவோர், 1897இல் பழைய அரண்மனை தீக்கிரையானபின் எழுந்து 1912இல் முடிவுற்ற இன்றைய அரண்மனையின் கதவுகளைக் காணலாம். மைசூர் ஈட்டிப் பதிப்பு வேலை இன்று புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது.

பேஸ் என்னும் கீழ்ச்சுருதிக்கு நம் சங்கீதத்தில் இடமில்லை என்று கூறுவோர் உளர். அது சரியன்று. தம்புராவின் மந்தர ஷட்ஜமும் மிருதங்கத்தின் தொப்பியும் பின் எதற்கு? ரவைப்பசை இட்ட தொப்பியிலிருந்து எழும் கும்காரம் பேஸ் அன்றி வேறென்ன? ராகத்திற்கு எதிராகத் தனி வழியில் நடக்கும் கீழ்ஸ்வர வரிசை ஒன்றை நாம் வேண்டவில்லை, அவ்வளவே. ஆயினும் ஒலி போதவில்லை என்ற குறை மைசூரிலும் எழுந்தது. திருமகூடலு நரசிபுரத்தில் 1895இல் பிறந்து, பிடாரம் கிருஷ்ணப்பாவிடம் பயின்ற சௌடையா, ஒலிபெருக்கி இல்லாத கச்சேரிகளில் வயலினின் நாதம் கடைசி வரிசைவரை எட்டாமை கண்டு, நான்கு தந்திகளோடு மேலும் மூன்றைச் சேர்த்து ஏழு தந்தி வயலினை உருவாக்கினார். இணைத் தந்திகள் சேர்ந்து ஒலிக்கையில் நாதம் கனமும் ஆழமும் பெற்றது. தமிழ்நாட்டு வித்வான்கள் பலருக்கும் அவ்வயலின் பக்கபலமாக நின்றது. 1957இல் சென்னை மியூசிக் அகாடமி அவருக்குச் சங்கீத கலாநிதி விருதளித்தது. மின்விசை இல்லாமல் சௌடையா தேடிய விடையையே, மின்விசை கொண்டு ஃபெண்டர் தேடினார் என்பது எமது எண்ணம். இருவருள் ஒருவர் மற்றவரை அறிந்திருக்க நியாயமில்லை.

மேனாட்டுச் சங்கீதமும் மைசூருக்குப் புதிதன்று. அரண்மனையில் கர்நாடக வாத்தியக் குழுவும் ஆங்கில வாத்தியக் குழுவும் இருந்தன. மன்னர் ஜயசாமராஜேந்திர உடையார் லண்டன் பில்ஹார்மோனியா குழுவுக்கு ஆதரவளித்தவர். ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் கடைசிப் பாடல்கள் நான்கும் 1950ஆம் ஆண்டு மே 22இல் லண்டனில் அரங்கேறியது அவர் பொருளுதவியால்தான்.

மைசூருக்கும் வானொலிக்கும் உள்ள உறவையும் இங்குச் சொல்லாமல் விட முடியாது. 1935 செப்டம்பரில், மகாராஜா கல்லூரிப் பேராசிரியர் எம். வி. கோபாலசாமி தம் இல்லத்தில் 30 வாட் ஆற்றலுள்ள ஒரு பரப்பியை வைத்து ஒலிபரப்பத் தொடங்கினார். அதற்கு ஏற்பட்ட 'ஆகாசவாணி' என்னும் பெயரே பின்னர் நாட்டு வானொலியின் பெயராயிற்று. சரி, அந்நாளைய வானொலிப் பெட்டியில் பேஸ் எவ்வாறு கேட்டது? பேஸ் கிட்டாரின் கடைசித் தந்தி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. உள்ளங்கையளவு ஒலிகாட்டியுள்ள டிரான்ஸிஸ்டர் பெட்டியால் அவ்வளவு தாழ்ந்த அதிர்வை எழுப்ப இயலாது. ஆனால் தந்தி 41ஓடு நிற்பதில்லை; 82, 124, 165 என்று மடங்கு மடங்கான அனுஸ்வரங்களையும் உடன் எழுப்புகிறது. பெட்டி அவற்றைத் தந்துவிடும். நம் செவியும் மூளையும் அவற்றின் இடைவெளியைக் கண்டு, இல்லாத மூல ஸ்வரத்தைத் தாமே நிரப்பிக்கொள்கின்றன. வராத விருந்தாளிக்கு இலை போட்டு, அவர் உண்டதாகவும் நம்புவது போன்ற வித்தை இது!

இளையராஜா 1976இல் 'அன்னக்கிளி' வாயிலாகத் திரைக்கு வந்தபின் தமிழ்ப் பாட்டில் பேஸ் கிட்டார் பின்னணி முணுமுணுப்பாக நில்லாமல், பாட்டின் கூடவே தனி நடை பயின்றது. பின்னாளில் ஏ. ஆர். ரஹ்மானின் பாடல்களுக்கு கீத் பீட்டர்ஸ் வாசித்தார். ஆயினும் தேநீர்க் கடை வானொலியில் கேட்டு வளர்ந்த தலைமுறையினர் பலர், நல்ல செவிக்கருவி கைக்கு வந்தபின்னரே, அப்பாடல்களின் அடியில் இன்னொரு பாட்டு ஓடியதை உணர்ந்தனர். வெளிமாநிலங்களில் இரவுநேர ரயில்களிலும் தனியறைகளிலும் பழைய பாடல்களைக் கேட்கும் நம்மவருக்கு இவ்வநுபவம் உண்டு.

விரற்பலகைக்கு ஈட்டி ஏன்? மரம் கனமானது, கடினமானது. கம்பியின் உராய்வைத் தாங்கும். மரத்திலேயே எண்ணெய்ப் பசை இருப்பதால் அரக்கு வார்னிஷ் ஒன்றும் பூசாமலே விரல் வேர்வையைப் பொறுத்துக்கொள்ளும். ஃபெண்டர் முதலில் மேப்பிள் மரத்தையே பயன்படுத்தினார். 1959 முதல் ஈட்டியினத்திற்கு மாறினார். அப்போது வந்தது பிரேசில் நாட்டு ஈட்டி. அது அருகவே, 1960களில் நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஈட்டி அதன் இடத்தை நிரப்பத் தொடங்கிற்று. மார்ட்டின் என்னும் பழைய கிட்டார் நிறுவனம் 1969இல் இந்திய ஈட்டிக்கு மாறியது. மைசூர், குடகு, வயநாடு, நீலகிரி, ஆனைமலை ஆகிய காடுகளில் வளரும் மரம் இது. தமிழிலும் மலையாளத்திலும் ஈட்டி, தமிழில் தோதகத்தி என்றும் சொல்வதுண்டு, கன்னடத்தில் பீட்டெ. பந்திப்பூர், முதுமலை, வயநாடு ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தொட்டுக் கிடக்கும் காடுகள். மாநில எல்லை மரத்துக்குத் தெரியாது.

சட்டங்களுக்குத் தெரியும். தமிழ்நாடு 1994இல் ஈட்டி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் இயற்றி, பட்டா நிலத்திலும் ஈட்டி வெட்டுவதை 15 ஆண்டுகளுக்குத் தடுத்தது; 2010இல் மேலும் 15 ஆண்டுகளுக்கு அது நீட்டிக்கப்பட்டது. பிரேசில் ஈட்டியின் பன்னாட்டு வாணிகம் 1992இல் சைட்டீஸ் உடன்படிக்கையால் தடைப்பட்டது. பின்னர், 2011 ஆகஸ்டில் அமெரிக்க அதிகாரிகள் கிப்ஸன் கிட்டார் நிறுவனத்தின் ஆலைகளைச் சோதனையிட்டு, இந்தியாவிலிருந்து வந்த ஈட்டி, கருங்காலி விரற்பலகைத் துண்டுகளைக் கைப்பற்றினர். அவை முடிவுற்ற வாத்திய உறுப்பா, அல்லது ஏற்றுமதிக்கு இந்தியா தடை விதித்துள்ள அறுத்த மரமா என்பதே வழக்கு. மெட்டுக்கான வெட்டு விழாத ஒரு பலகையை என்னவென்று அழைப்பது என்பதில் இரு நாடுகளின் சுங்க அட்டவணைகளும் மோதின. 2012இல் கிப்ஸன் 3,00,000 டாலர் அபராதம் செலுத்த உடன்பட்டது. அவ்வபராதத்துக்குக் காரணம் மடகாஸ்கர் கருங்காலி. இந்திய மரத்தைப் பற்றிய சட்டம் தெளிவற்றது என்பதை அரசும் ஒப்புக்கொண்டது.

அதைவிடப் பெரிய இடி 2017 ஜனவரி 2இல் வந்தது. ஈட்டியினம் முழுவதையும் சைட்டீஸ் தன் இரண்டாம் பட்டியலில் சேர்த்தது. சீனத்துக்குத் தட்டுமுட்டுச் சாமான் செய்வதற்காக உலகக் காடுகளில் ஈட்டியினங்கள் சூறையாடப்பட்டமையே காரணம். கட்டில் செய்தவன் செய்த குற்றத்துக்கு விரற்பலகைக்காரனும் பதிப்பு வேலைக்காரனும் சேர்ந்து தண்டனை அடைந்தனர். வாத்தியத்தை எடுத்துக்கொண்டு கடல் கடக்கும் கலைஞன் கையிலும் அச்சம் குடிகொண்டது. ஃபெண்டர் தன் மெக்ஸிகோ வாத்தியங்களில் பாவ் ஃபெரோ என்னும் வேறு மரத்துக்கு மாறிற்று. ஒரு பேஸின் விரற்பலகையில் உள்ள ஈட்டியைக் கணக்கிட்டால் 150 முதல் 200 கிராம்தான் தேறும். இந்த அளவைக் கட்டிலோடு ஒப்பிட்டதில் நியாயமில்லை என்றே நாம் கருதுகிறோம். 2019இல் முடிவுற்ற வாத்தியங்களுக்கும் அவற்றின் உறுப்புகளுக்கும் விலக்கு கிடைத்தது.

கிட்டாருக்குக் கிடைத்த விலக்கு கைவினைப் பொருளுக்கு உடனே முழுமையாகக் கிட்டவில்லை. வாத்தியக்காரருக்காகப் பேச உலகப் புகழ் பெற்ற நிறுவனங்கள் இருந்தன. மயில் பதிக்கும் தொழிலாளிக்காகப் பேச யார்? ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 கோடி ரூபாயாக இருந்த சிஸம், ஈட்டி மரப் பொருள்களின் ஏற்றுமதி 500, 600 கோடியாகக் குறைந்ததென்று இந்திய அரசு எடுத்துரைத்தது. 2022 நவம்பரில் பனாமாவில் கூடிய மாநாட்டில், பொருள் ஒவ்வொன்றிலும் மரத்தின் எடை 10 கிலோவுக்குக் குறைவாயின், மொத்தச் சரக்கின் எடை எவ்வளவாயினும் அனுமதிச்சீட்டு வேண்டியதில்லை என்ற விளக்கம் பெறப்பட்டது. சுவரில் மாட்டும் மைசூர்ப் பலகைச் சித்திரங்கள் பெரும்பாலும் அவ்வெடைக்குள் அடங்குவன.

மரத்தின் நிலை வேறு. ஈட்டி மெல்ல வளர்வது. வைரம் ஏறப் பல தலைமுறை ஆகும். இன்று உலகப் பாதுகாப்புப் பட்டியலில் அது ஆபத்துக்கு உள்ளாகக்கூடிய இனமாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. கர்நாடக, கேரள வனத்துறைக் கிடங்குகளில் ஏலத்துக்கு வரும் கட்டைகளுக்குக் கைப்பொருள் மிக்கவரே விலை கூற முடிகிறது. நம் ஈட்டியின் விதை ஜாவாத் தீவுக்குச் சென்று, அங்கே தோட்டப் பயிராகி, கிட்டார் ஆலைகளுக்குப் போகிறது. மண்டி மொஹல்லாத் தொழிலாளியோ, அகன்ற பலகை கிடைக்காதபோது மெல்லிய ஈட்டித் தகட்டை வேறு மரத்தின்மேல் ஒட்டி, அதன்மேல் தன் யானையைப் பதிக்கிறான்.