உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி நமக்குச் சொல்லும் பாடம்

  

பரிசளிப்பு விழா என்றதும் எல்லோர் கண்ணும் முதலில் போவது மார்க்குப் பட்டியலுக்குத்தான். "எத்தனை பேர் பாஸ்? நம்ம பிள்ளை எத்தனாவது?" என்று கேட்கிறோம். கேட்பதில் தவறில்லை. ஆனால் ஒரு பள்ளியை எடை போட அந்தக் கணக்கு மட்டும் போதாது. அந்தப் பள்ளிக்குள் வந்த பிள்ளைகள் யார், எந்த வீட்டிலிருந்து வந்தார்கள், படித்து முடித்த பிறகு அவர்களுக்கு எந்த வாசல் திறந்திருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இதை விளக்க, அக்கரைச் சிங்கப்பூரில் இருந்த ஒரு தமிழ்ப் பள்ளியின் வரலாற்றை உங்கள் முன் வைக்கிறேன்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த மறு ஆண்டு, 1946இல், சிங்கப்பூரில் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி தொடங்கப்பட்டது. தொடங்கியவர்கள் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் அமைப்பினர். திருநெல்வேலிச் சீமையின் கடையநல்லூரிலிருந்து கப்பலேறி வந்து, தஞ்சோங் பாகார் வட்டாரத்தில் உழைத்துப் பிழைத்த மக்கள் அவர்கள். தங்கள் பள்ளிக்குச் சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரின் பெயரைச் சூட்டினார்கள். பள்ளி மேக்ஸ்வெல் ரோட்டில் நடந்தது. அரசாங்கம் கட்டிக் கொடுக்கட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்தில் தமிழ்ப் பள்ளிக்கு வந்த பிள்ளைகள் யார்? துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், நகராட்சியில் ரோடு பெருக்கியவர், செம்பவாங் கடற்படைத் தளத்தில் கூலி வேலை பார்த்தவர், சிறு கடை வைத்திருந்தவர் ஆகியோரின் பிள்ளைகள்தான் பெரும்பாலும். கொஞ்சம் வசதியுள்ள தமிழர்களும் கிராணிமார்களும் தம் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கே அனுப்பினார்கள். நம் தோட்டங்களிலும் இதே கதைதானே! 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், படிக்கும் வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்றது. ஆனால் அந்தப் பள்ளியிலிருந்து மேலே ஏறிப் போக ஏணி வைக்கவில்லை. ஆறாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. அடுத்த நாள் விடிந்தால் பெரட்டுக் களம்தான்.

சிங்கப்பூரில் அந்த ஏணியின் அடுத்த படியை வைத்தது உமறுப் புலவர் பள்ளி. 1956இல் வெளிவந்த அனைத்துக் கட்சிக் கல்வி அறிக்கை, ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் ஆகிய நான்கு மொழிப் பள்ளிகளையும் சமமாக நடத்த வேண்டும் என்றது. 1960இல் தொடக்கப் பள்ளி இறுதித் தேர்வு முதன்முதலாக நடந்தபோது, அதை நான்கு மொழிகளிலும் எழுத முடிந்தது. அதே 1960இல் உமறுப் புலவர் பள்ளி உயர்நிலைப் பள்ளியாக உயர்ந்தது. சிங்கப்பூர் முழுவதற்கும் தமிழ் வழியில் நடந்த உயர்நிலைப் பள்ளி அது ஒன்றுதான். தமிழில் மேலே படிக்க வேண்டுமானால், எந்த மதத்துப் பிள்ளையானாலும் எந்தப் பேட்டைப் பிள்ளையானாலும் அங்கேதான் போக வேண்டும். முஸ்லிம் மக்கள் எழுப்பிய பள்ளி, தமிழர் எல்லோருக்கும் உரிய பள்ளி ஆயிற்று.

பிறகு ஏன் அது நிலைக்கவில்லை? பிள்ளைகள் படிக்கவில்லையா, ஆசிரியர்கள் சொல்லிக் கொடுக்கவில்லையா என்று சிலர் கேட்பார்கள். காரணம் வேறு. காரணங்களை வரிசையாகப் பார்ப்போம்.

முதல் காரணம் மேற்படிப்பு. உயர்நிலைப் படிப்பு முடிந்ததும் எங்கே போவது? பாலிடெக்னிக் ஆங்கிலத்தில் நடந்தது, சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகமும் ஆங்கிலத்தில் நடந்தது. சீனருக்கு நன்யாங் பல்கலைக்கழகமாவது இருந்தது. தமிழ் வழியில் அப்படி ஒன்று இல்லை. ஆகவே தமிழில் முதலாவதாக வந்த பிள்ளையும், அடுத்த வாசலில் ஆங்கிலம் தெரிந்த சராசரிப் பிள்ளைக்குப் பின்னால்தான் நிற்க வேண்டியிருந்தது.

இரண்டாவது, வேலை. 1965இல் சிங்கப்பூர் தனி நாடானது. தமிழ் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்றாக இருந்தது. ஆனால் புதிய தொழிற்சாலைகளும் வங்கிகளும் கேட்டது ஆங்கிலத்தை. "தமிழ் படிச்சு என் மவன் என்ன ஆகப் போறான்?" என்று ஒரு தகப்பன் கேட்டால், அவரைக் குறை சொல்ல யாருக்கு மனம் வரும்?

மூன்றாவது, 1966இல் உயர்நிலைப் பள்ளிகளில் இரண்டாம் மொழி கட்டாயமானது. ஆங்கிலப் பள்ளியிலேயே தமிழும் ஒரு பாடமாகக் கிடைக்கும் என்றதும், பெற்றோர் மனத்தில் இருந்த கடைசித் தயக்கமும் தீர்ந்தது.

நான்காவது, பிரிட்டிஷ் படை 1971இல் வெளியேறியது. கடற்படைத் தளத்தை நம்பியிருந்த எத்தனையோ இந்தியக் குடும்பங்கள் ஊர் திரும்பின. குடும்பம் போனால் பிள்ளையும் போகும், பிள்ளை போனால் வகுப்பும் போகும்.

1959இலேயே சிங்கப்பூரில் முதலாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 47 பேர் ஆங்கிலப் பள்ளியிலும், 46 பேர் சீனப் பள்ளியிலும் சேர்ந்தனர். தமிழ்ப் பள்ளியில் சேர்ந்தவர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. இருபது ஆண்டு கழித்து ஆங்கிலப் பள்ளியின் பங்கு நூற்றுக்குத் தொண்ணூறைத் தாண்டியது. கீழ் வகுப்பில் பிள்ளை இல்லாதபோது மேல் வகுப்பு எப்படி நடக்கும்? 1982இல் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி மூடப்பட்டது. 1987 முதல் எல்லாப் பள்ளிகளும் ஆங்கில வழிப் பள்ளிகள் ஆயின.

சரி, ஆங்கிலப் பள்ளிக்குப் போனதும் நம் பிள்ளைகளின் குறை தீர்ந்ததா? தீரவில்லை, ஐயா! இந்திய மாணவர்கள், அதிலும் கணிதத்தில், பின்தங்கி நிற்கிறார்கள் என்ற கவலை வளர்ந்தது. அதன் விளைவாக 1991இல் சிண்டா என்ற சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம் அமைந்தது. வேலை பார்க்கும் இந்தியர்களின் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் ஒரு தொகை பிடித்து, டியூஷன் வகுப்புகள் நடத்தினார்கள். மொழியை மாற்றினால் மட்டும் மார்க்கு வந்துவிடாது என்பது இதிலிருந்து தெரிகிறது. வீட்டில் படிக்க ஓர் இடம், உட்கார்ந்து கேட்க ஒரு பெரியவர், பசியில்லாத வயிறு, இவையும் வேண்டும்.

இன்னொரு பள்ளியையும் பாருங்கள். தேக்காவிலிருந்து ரயிலில் ஒரே நிறுத்தம், டோபி காட். அங்கே 2008இல் தொடங்கிய சிங்கப்பூர்க் கலைப்பள்ளி இருக்கிறது. அரசின் ஆதரவில் நடக்கும் பள்ளி. இசை, நடனம், நாடகம், ஓவியம் போன்ற கலைகளில் திறமையைச் சோதித்துப் பார்த்துப் பிள்ளைகளை எடுக்கிறார்கள். ஆறாண்டுப் படிப்பு, முடிவில் அனைத்துலகப் பட்டயத் தேர்வு. நல்ல பள்ளி, சந்தேகமில்லை. ஆனால் பொறுக்கி எடுத்த பிள்ளைகளின் மார்க்கையும், வந்த பிள்ளைகளையெல்லாம் வாரி அணைத்துக்கொண்ட பள்ளியின் மார்க்கையும் ஒரே தராசில் வைக்கலாமா? வீணை வகுப்புக்கும் நடன வகுப்புக்கும் சின்ன வயதிலிருந்தே பணம் கட்ட முடிந்த வீட்டுப் பிள்ளைக்கு அந்த வாசல் எளிது. பால்மரக் காட்டில் பொழுது விடியும் முன்னே வேலைக்குப் போகும் தாயின் பிள்ளைக்குத் தாளமும் குரலும் இருந்தாலும், அதைக் கண்டுபிடித்துச் சொல்ல ஓர் ஆசிரியர் வேண்டும்.

மலேசியாவில் இன்றும் ஐந்நூறுக்கு மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் நடக்கின்றன. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் பட்டணம் போனதால், பல பள்ளிகளில் பிள்ளைகள் குறைந்து வருகிறார்கள். உமறுப் புலவர் பள்ளிக்கு நேர்ந்ததை நினைத்துப் பாருங்கள். அந்தப் பள்ளிக்குப் பூட்டுப் போட்டது தேர்வு முடிவு அல்ல. முதலாம் வகுப்புப் பதிவேட்டில் பெயர் குறைந்ததும், படித்தவனுக்கு அடுத்த வாசல் இல்லாததும்தான்.

ஆகவே அண்ணன்மார்களே, அக்காமார்களே, நம் கையில் இருக்கும் வேலை இரண்டு. ஒன்று, பிள்ளையின் பெயரை நேரத்தோடு பதியுங்கள். இரண்டு, பதிந்ததோடு விட்டுவிடாதீர்கள். மலாயும் ஆங்கிலமும் கணக்கும் தமிழோடு சேர்ந்து வருகிறதா என்று ஆசிரியரைக் கேளுங்கள். இடைநிலைப் பள்ளிக்குப் போகும்போது பிள்ளை தடுமாறாமல் இருக்க இப்போதே என்ன செய்வது என்றும் கேளுங்கள். கேட்கும் பெற்றோர் இருந்தால் பள்ளியும் விழித்திருக்கும்.

மாணவச் செல்வங்களே! இன்று மேடையேறிப் பரிசு வாங்குபவர்களுக்கு வாழ்த்துகள். வாங்காதவர்களும் தலை குனிய வேண்டாம். போன ஆண்டு நாற்பது வாங்கிய பிள்ளை இந்த ஆண்டு ஐம்பத்தைந்து வாங்கியிருந்தால், அதுவும் பரிசுக்குரிய உழைப்பே.

சிங்கப்பூர் பீட்டி ரோட்டில் இன்று உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையம் இருக்கிறது. பிள்ளைகள் அங்கே தமிழை ஒரு பாடமாகப் படிக்கிறார்கள். பெயர் வாழ்கிறது, அந்தப் பழைய பள்ளி இல்லை. நமக்கோ பெயரும் இருக்கிறது, பள்ளியும் இருக்கிறது. இரண்டையும் காப்போம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!