அலகும் விளக்குமாறும்

கடலூர், சிதம்பரம் பக்கத்து வீடுகளில் பொழுது விடிந்ததும் முதலில் கைக்கு வரும் பொருள் விளக்குமாறு. பேச்சில் அது வெளக்குமாறு. இச்சொல்லை ‘விளக்கும் ஆறு’ என்று பிரித்து, துலக்கும் வழி என்று பொருள் சொல்வது எளிது. ‘பொருளை விளக்குமாறு கேட்டார்’ என்ற தொடரில் அந்தப் பிரிப்பு சரிதான். துடைப்பத்துக்கு அது பொருந்தாது. சீமாறு என்ற பழைய பெயரே இதைக் காட்டிவிடுகிறது. சீத்தல் என்றால் குப்பையை ஒதுக்கித் தள்ளுதல். கோழி குப்பையைச் சீய்க்கிறது என்று இன்றும் சொல்கிறோம். ‘ஆறு’தான் பின்னொட்டு என்றால் இப்பெயர் சீக்குமாறு என்று வந்திருக்க வேண்டும். சீமாறு என்றே நிற்பதால் ‘மாறு’ தனிச்சொல். பருத்தி எடுத்து முடிந்த பின் நிலத்தில் காய்ந்து நிற்கும் குச்சியை உழவர்கள் பருத்திமாறு என்கிறார்களே, அந்த மாறுதான் இது. தென்னை ஈர்க்கைக் கட்டினால் ஈர்க்குமாறு. பல்லை விளக்குவது போல, பாத்திரத்தை விளக்குவது போல, தரையைத் துலங்கச் செய்யும் குச்சிக்கட்டு விளக்குமாறு. வினையும் பொருளும் நேராகச் சேர்ந்த பெயர் இது. அமைப்பில் இழிவு என்று எதுவும் இல்லை. கூட்டுதல், பெருக்குதல் என்ற வினைகளும் அப்படியே. கணக்கில் சேர்ப்பதற்கும் பன்மடங்காக்குவதற்கும் ஆளும் அதே சொற்களைத்தான் வாசலில் குப்பையை ஒன்றுசேர்ப்பதற்கும் ஆள்கிறோம்.

அப்படியானால் விளக்குமாறு எப்படி வசைச்சொல்லானது? இதற்கு விடை தேட அதைவிட மூத்த ஒரு சொல்லிடம் போக வேண்டும். அச்சொல் அலகு. இன்று அலகு என்றால் பறவையின் அலகு, அளவையின் அலகு, திருவிழாவில் குத்திக்கொள்ளும் அலகு. துடைப்பம் என்ற பொருளில் எந்த வீட்டிலும் அது வழங்கவில்லை. ஆனால் 7-ஆம் நூற்றாண்டில் அப்பர், திருவாரூர்த் தாண்டகம் ஒன்றில், விடியுமுன் கோயிலில் செய்யும் வேலைகளைச் சொல்லும்போது அலகிடுதல் என்றே எழுதுகிறார். அடைமொழி இல்லை, அலங்காரம் இல்லை. கூட்டுவதற்கு அன்று வழங்கிய சாதாரணச் சொல்லாகவே அது அங்கே இருக்கிறது. ஏறத்தாழ 500 ஆண்டு கழித்து, 12-ஆம் நூற்றாண்டில், சிதம்பரத்தில் அரங்கேறியதாக மரபு கூறும் சேக்கிழாரின் பெரியபுராணத்தில் அது திருவலகு ஆகிவிடுகிறது. பண்ணுருட்டியை ஒட்டிய திருவதிகையில், திருப்பள்ளியெழுச்சி வேளையில் அப்பரின் அக்காள் திலகவதியார் கையில் இருப்பவை திருவலகும் திருமெழுக்கும் தோண்டியும்.

சேக்கிழார் தொட்டதற்கெல்லாம் ‘திரு’ சேர்ப்பவர், அதை வைத்துச் சொல்வரலாறு எழுதலாமா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதே இடத்தில் ‘திரு’ ஏற்ற மெழுக்கைப் பாருங்கள். சாணம் இட்டு மெழுகுதல் கோயிலிலும் இருந்தது, வீட்டிலும் நிலைத்தது. மண்தரை இருக்கும் வீட்டில் இன்றும் மெழுகுகிறார்கள். அலகுதான் வீட்டைவிட்டு வெளியேறியது. ஆகவே அடைமொழி மட்டும் காரணமில்லை; வீட்டில் அந்த இடத்தை விளக்குமாறும் துடைப்பமும் பிடித்துக்கொள்ள, அலகு கோயில் வழக்கில் ஒதுங்கியது என்றே கொள்ள வேண்டும். இன்னொரு மறுப்பும் உண்டு. தெலுங்கில் சாணம் இட்டு மெழுகுவதை ‘அலுகு’ என்கிறார்கள். நம் அலகும் அதுதானோ? அப்பரும் சேக்கிழாரும் அலகையும் மெழுக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டு வேலைகளாகச் சொல்வதால், அங்கே அலகு குறித்தது கூட்டுவதை, மெழுகுவதை அல்ல என்பது உறுதி. கூர்முனை, கதிர், பறவையின் மூக்கு என்று அச்சொல்லின் மற்றப் பொருள்கள் சில மெலிந்து நீண்டவற்றையே சுட்டுகின்றன. ஈர்க்கின் வடிவத்திலிருந்து அப்பெயர் வந்தது என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

இந்த வட்டாரத்தில் அலகுக்கு எதிரே இன்னொரு துடைப்பமும் இருந்தது. இன்றைய கடலூரின் பகுதியான திருப்பாதிரிப்புலியூர்தான் பழைய பாடலிபுத்திரம் என்பது அறிஞர் கருத்து. 458-இல் லோகவிபாகம் என்ற சமண நூல் எழுதப்பட்ட ஊர் அது. தருமசேனர் என்ற பெயரில் அப்பர் அங்கே சமண மடத்தில் இருந்தார் என்கிறது பெரியபுராணம். சமண முனிவர் கையில் மயிற்பீலி இருக்கும். உட்காருமுன் சிற்றுயிர் நசுங்காதபடி தரையை மெல்லக் கூட்டுவதற்கான கருவி அது. சூலைநோயோடு அக்காள் இருக்கும் திருவதிகைக்குக் கிளம்பும்போது, பாயையும் குண்டிகையையும் பீலியையும் அவர் விட்டுப் போனதாகச் சேக்கிழார் பாடுகிறார். ஒரு துடைப்பத்தை விட்டுவந்த தம்பி, மற்றொரு துடைப்பத்தோடு கோயிலுக்குக் கிளம்பும் அக்காளைச் சேர்கிறார். இரண்டு சமயத்திலும் கூட்டும் கருவி துறவுக்கும் தொண்டுக்கும் அடையாளமாக இருந்திருக்கிறது. துடைப்பமே தீட்டு என்ற எண்ணம் தொன்றுதொட்டு வந்தது என்பவர்களுக்கு இதுவே என் பதில். துடைப்பக்கட்டைக்குப் பட்டுக்குஞ்சமா என்று பழமொழி இகழ்வது அந்தக் கருவியை அல்ல, அதை நாள்தோறும் பிடித்த கைகளை. வீட்டில் அது பெண்ணின் வேலை. தெருவில், சாதியால் ஒதுக்கப்பட்டவர்கள்மேல் சுமத்திய வேலை. கோயில் வாசலுக்குள் அலகுக்குக் கிடைத்த ‘திரு’ அவர்களை எட்டவில்லை.

அந்தக் கோயில் வாசலுக்குள்ளும் பெண்ணின் கருவி பின்னுக்குப் போனதைக் காணலாம். அப்பர் படிமங்களில் தோளில் சாய்ந்திருக்கும் உழவாரம் புல் செதுக்கும் கருவி. இன்று கோயில்களில் அடியார்கள் கூடிச் செய்யும் தூய்மை வேலை முழுவதற்கும் உழவாரப் பணி என்றே பெயர். அதில் புல் செதுக்குவது கொஞ்சம். பிரகாரத்தைக் கூட்டுவதும் கழுவுவதும்தான் மிகுதி. தம்பி வருவதற்கு முன்பே திருவதிகையில் திலகவதியார் நாள்தோறும் செய்துவந்த வேலை அது. அவர் பிடித்த அலகின் பெயரால் அதை யாரும் அழைப்பதில்லை.