குடி, மறதி, தவிடு

குடிநோயாளியின் மறதியை ஒழுக்கக்கேடாகவே காண நாம் பழகியிருக்கிறோம். மருத்துவ வரலாறு சொல்வதோ வேறு.

மாஸ்கோ மருத்துவர் செர்கேய் கோர்சகோவ், மதுவால் நரம்பு தளர்ந்தோரைப் பற்றிய தம் ஆய்வேட்டை 1887இல் வெளியிட்டார். கைகால்களோடு அவர்களது நினைவும் பழுதுற்றிருந்ததை அவர் கண்டார். அவர்கள் தெளிவாகப் பேசினர், சதுரங்கமும் ஆடினர். ஆனால் சற்று நேரத்தில் ஆடியதே நினைவில் இல்லை. விடுபட்ட இடங்களை நடவாத நிகழ்ச்சிகளால் நிரப்பினர். பொய் என்று பிறர் ஒதுக்கியிருக்கக்கூடிய ஒன்றை நோயின் குறியாகப் பதிவு செய்ததே அவருடைய கொடை.

அதற்கு ஆறாண்டுகள் முன்னர், 1881இல், ஜெர்மானியரான கார்ல் வெர்னிக்கே மூன்று நோயாளிகளை விவரித்திருந்தார். மூவருக்கும் கண்ணசைவில் கோளாறு, நடையில் தள்ளாட்டம், மனக்குழப்பம். இருவர் குடியர், மூன்றாமவரோ கந்தக அமிலத்தை விழுங்கியபின் ஓயாத வாந்தியால் நலிந்த ஓர் இளம்பெண். மது மட்டுமே குற்றவாளி அன்று என்பதற்கான தடயம் அங்கேயே கிடந்தது. அதைப் படித்தறிய அரை நூற்றாண்டு தேவைப்பட்டது.

விடை அரிசியிலிருந்து வந்தது. தீட்டிய அரிசி தின்ற கோழிகள் நரம்புநோயால் வீழ்வதை 1890களில் ஜாவாவில் எய்க்மன் கண்டார். 1905இல் கோலாலம்பூர் மனநோய்க் காப்பகத்தில் பிளெட்சர் ஒரு சாராருக்குப் புழுங்கலரிசியும் மறுசாராருக்குத் தீட்டிய பச்சரிசியும் அளித்தார். பெரிபெரி பின்னவரையே பெரிதும் தாக்கியது. மலாயாவில் புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளரிடையே அந்நோய் அரிதாக இருந்ததன் பொருளும் அப்போது துலங்கியது. நெல்லை அவிக்கையில் தவிட்டுச் சத்து அரிசிக்குள் இறங்குகிறது. தயமின் எனும் அச்சத்து 1926இல் பிரித்தெடுக்கப்பட்டது. அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரில் பிறந்த ராபர்ட் வில்லியம்ஸ் 1936இல் அதைச் செயற்கையாக ஆக்கினார்.

மது, குடல் தயமினை உறிஞ்சுவதைக் குறைக்கிறது. குடிப்பவரோ உணவையும் குறைத்துக்கொள்கிறார். சத்து வற்றும்போது நினைவைப் பதியவைக்கும் மூளைப்பகுதிகள் சிதைகின்றன. தொடக்கத்திலேயே ஊசிவழி தயமின் செலுத்தினால் பெரும்பாலும் தடுக்கலாம். பிந்தினால் முழுதாக மீள்வோர் சிலரே. ஆஸ்திரேலியா 1991இல் ரொட்டி மாவில் தயமின் சேர்ப்பதைக் கட்டாயமாக்கியது. பின்னர் அங்கு இந்நோய் குறைந்தது. குடியர்கள் திருந்தக் காத்திராமல் அவர்களது ரொட்டியைத் திருத்திய சட்டம் அது.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது ஒன்றுண்டு. மதுமீட்புச் சிகிச்சை பெரும்பாலும் அறிவுரையையே நம்பியிருக்கிறது. அறிவுரை நிற்பதோ நினைவின்மேல். சொன்னதை மறந்தவரை அலட்சியக்காரர் என்று தீர்ப்பிடுமுன், கேட்டதைத் தேக்கிவைக்கும் ஆற்றல் அவரிடம் எஞ்சியிருக்கிறதா என்று சோதித்தறிவதே அறம்.