ஆர்க்காட்டிலிருந்து கொல்கத்தாவுக்கு வந்த கருவியாளர்

கொல்கத்தாவின் பாரக்பூர் டிரங்கு சாலையோரத்தில் நிற்கும் பழைய கோபுரத்தை நம்மவர் சிலர் கண்டிருக்கலாம். 1831-32இல் ஜார்ஜ் எவரெஸ்ட் நில அளவைக்கென அங்கே அடிக்கோடு அளந்தபோது எழுந்த இரு கோபுரங்களுள் அது ஒன்று. எவரெஸ்டின் பெயரை இமயச் சிகரமே தாங்கி நிற்கிறது. அவருடைய துறையின் கருவிகளைச் செப்பனிட்டுக் காத்த ஒருவரையோ நாம் அறிந்திலோம். அவர் ஆர்க்காட்டைச் சேர்ந்த சையது மீர் மொஹ்ஸின் ஹுஸேன்.

சென்னையில் நகைத்தொழிலும் கடிகார வேலையும் செய்துவந்தவர் அவர். கடிகாரத்திற்கும் நில அளவைக்கும் என்ன தொடர்பு என வினவலாம். பற்சக்கரத்தைப் பிழையின்றிப் பகுக்கும் கையே கோணமானியின் வட்டத்தில் பாகைக் கோடுகளையும் பகுக்க வல்லது. அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் கிராமத்துக் கடிகாரக் கைவினைஞரான டேவிட் ரிட்டன்ஹவுசும் இவ்வாறே நில அளவையாளராக உயர்ந்தார்.

இந்தியப் பெருமுக்கோண அளவை 1802இல் சென்னையில் தொடங்கியது. 1808இல் தஞ்சைப் பெருங்கோயிலின் மீது ஏற்றும்போது, ஏறத்தாழ அரை டன் எடையுள்ள கோணமானி சுவரில் மோதிச் சிதைந்தது. லாம்டன் பல வாரம் உழைத்து அதனைச் சீர்செய்தார். பழுதுபார்க்க இங்கிலாந்துக்கு அனுப்பினால் கடற்பயணத்திலேயே மாதங்கள் கழியும். ஆகவே, நல்ல கைவினைஞர் ஒருவர் இந்நாட்டிலேயே வேண்டியிருந்தது.

1824 அளவில், அந்நாள் தலைமை நில அளவையாளர் பிளாக்கர் மொஹ்ஸின் ஹுஸேனைக் கல்கத்தாவுக்கு அழைத்துவந்தார். எனினும், 1830இல் கருவியாளர் பதவிக்கு இங்கிலாந்திலிருந்து ஹென்றி பாரோ என்பவரே வரவழைக்கப்பட்டார். பாரோவுக்கும் எவரெஸ்டுக்கும் பிணக்கு மூண்டது. 1839இல் பாரோ விலகினார். அதன்பின் ஆர்க்காட்டுக்காரரையே அப்பணிக்கு உரியவர் என எவரெஸ்ட் பரிந்துரைத்தார். கடுஞ்சொல்லுக்குப் பெயர் பெற்ற எவரெஸ்ட் வாயாரப் புகழ்ந்த மிகச் சிலருள் இவரும் ஒருவர். இந்தியருக்கு உயர் பதவிகள் எட்டாதிருந்த காலத்தில், அந்தப் பரிந்துரை சிறிதன்று.

அவர் 1864இல் மறைந்தார். 1830இல் தோன்றிய அக்கருவிச்சாலையோ, பின்னாளில் ஜாதவ்பூரின் நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனமாக வளர்ந்தது. 2009இல் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் வசமாயிற்று.

ஹௌரா நிலையத்தில் பெட்டி படுக்கையுடன் இறங்கியோர் நாம். இரயில் இல்லாத காலத்திலேயே, கைத்திறன் ஒன்றையே முதலாகக் கொண்டு நமக்கு முன் இந்நகருக்கு வந்தவர் அவர். அக்கோபுரத்தைக் கடக்கும்போது, எவரெஸ்டோடு இவரையும் நாம் நினைவுகூர்வோமாக.