ஏழு ரூபாய்த் தண்ணியும் நூறு ரூபாய்த் தண்ணியும்

பெங்களூர்ல குப்பை கொட்ட ஆரம்பிச்சு பத்தொன்பது வருஷம் ஆச்சு. இத்தனை வருஷத்துல காவிரியைப் பத்தி ஒரு பதிவு கூட எழுதினதில்ல. காரணம் சொல்லவே வேண்டாம். இங்கே இருக்கற தமிழனுக்கு அந்தப் பேரை எடுத்தாலே குரல் தானா இறங்கிடும். பயப்படாதீங்க, இன்னைக்கும் நதிநீர்ப் பங்கீடு பத்தி எழுதப் போறதில்ல. குழாய்ல வர்ற தண்ணிக்கும், சாக்கடையில போற தண்ணிக்கும் பில் போடறது பத்தித்தான். பி.காம். படிச்சுட்டு பேங்க்ல உக்காந்திருக்கறவனுக்கு அதுதானே வரும்?

இதை எழுதத் தூண்டினது எங்க அபார்ட்மெண்ட் சமாச்சாரம். ஊரோட கிழக்கு ஓரத்துல 64 வீடு. "பேங்க்காரர் இருக்கும்போது வேற யாரு சார்"ன்னு சொல்லி மூணு வருஷம் என்னையே டிரஷரரா வச்சிருந்தாங்க. அந்த மூணு வருஷமும் மெயின்டனன்ஸை ஒரு பைசா ஏத்தலை. ஜெனரல் பாடி மீட்டிங்ல கை தட்டினாங்க. எனக்கும் பெருமைதான்.

2024 பிப்ரவரியில ரெண்டு போர்வெல்லுலயும் காத்துதான் வந்தது. அதே மாசம் கழிவுநீர் சுத்தம் பண்ற பிளாண்ட்ல மோட்டார் போச்சு. ரிசர்வ்ல பணம் இல்ல. வீட்டுக்கு 18,000 ரூபாய் ஒரே தடவையில கேக்க வேண்டியதாச்சு. அன்னைக்கு மீட்டிங்ல யாரும் கை தட்டலை. ரயில்வேல ரிட்டயர் ஆன மாமா ஒருத்தர் மட்டும் மெதுவா கேட்டார்: "ஏன் சார், ஒரு மில்லுக்காரன் டிப்ரிசியேஷன் எழுதாத பேலன்ஸ் ஷீட்டைத் தூக்கிட்டு வந்தா, உங்க பிராஞ்சுல லோன் குடுப்பீங்களா?"

பதில் சொல்ல முடியலை. அந்தக் கேள்வி உறுத்தி உறுத்தித்தான், இந்த ஊர் தன்னோட தண்ணிக் கணக்கை எப்படி எழுதியிருக்குன்னு படிக்க ஆரம்பிச்சேன். எங்க சொசைட்டி கதையேதான், கொஞ்சம் பெரிய சைஸ்ல!

பெங்களூருக்குன்னு பெரிய ஆறு கிடையாது. மேட்டு நிலம். அதனால ஏரி வெட்டி வாழ்ந்த ஊர். பேட்டைக்கு தர்மாம்புதி ஏரி. அது இருந்த இடத்துலதான் இன்னைக்கு மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்ட் இருக்கு. நம்ம ஜனங்க நிறைய குடியேறின கண்டோன்மென்ட் பக்கம் அல்சூர் ஏரி. சம்பங்கி ஏரி இருந்த இடத்துல இப்ப கண்டீரவா ஸ்டேடியம். 1882ல சாங்கி ஏரியைக் கட்டினாங்க. ஏரித் தண்ணி தானா பள்ளத்துக்கு ஓடி வரும். கரையைப் பாத்துக்கற செலவு உண்டே தவிர, ஒவ்வொரு குடத்துக்கும் தனிச் செலவு கிடையாது.

அதை மாத்தினது ஹெசரகட்டா திட்டம். மைசூர் திவானா இருந்த சேஷாத்ரி ஐயர் காலத்துல, 1894ல ஆரம்பிச்சு 1896ல தண்ணி வந்தது. (ஐயர் பாலக்காட்டுத் தமிழர். சேஷாத்ரிபுரம்னு ஒரு ஏரியா இருக்கே, அது இவர் பேர்தான்.) ஆர்க்காவதி ஆத்துத் தண்ணியை ஏரியில தேக்கி, வழியில நீராவி பம்பு வச்சுத் தள்ளி, ஊருக்குக் கொண்டு வந்தாங்க. கணக்குப் புத்தகத்துல அன்னைக்குத்தான் ஒரு புதுத் தலைப்பு வருது: பம்பு ஓட்டற செலவு. அதுக்கப்புறம் அந்தத் தலைப்பு போகவே இல்ல.

1898ல பிளேக். ஆயிரக்கணக்குல ஜனங்க செத்தாங்க. நெருக்கமும் சாக்கடையும்தான் காரணம்னு பயந்து மல்லேஸ்வரம், பசவனகுடின்னு அகலத் தெரு விட்டுப் புது ஏரியாக்கள் கட்டினாங்க. குடிக்கற தண்ணியும் கழிவுத் தண்ணியும் ஒரே கணக்கோட ரெண்டு பக்கம்னு ஊருக்குப் புரிஞ்சது அப்போதான். புரிஞ்சதே தவிர, காசு போடறதுன்னு வந்தா சாக்கடைக்கு எப்பவும் ரெண்டாவது பந்திதான்.

ஊர் வளர வளர ஹெசரகட்டா பத்தலை. 1933ல திப்பகொண்டனஹள்ளி. அதுவும் ஆர்க்காவதிதான். சுதந்திரத்துக்கு அப்புறம், 1949ல, சிட்டியும் கண்டோன்மென்ட்டும் ஒரே கார்ப்பரேஷன் ஆச்சு. தொழிற்சாலைகள் வந்தது. ஆர்க்காவதியில இனிமே கறக்க ஒண்ணும் இல்லைன்னு ஆனப்ப, கண்ணு காவிரி மேல போச்சு.

பேங்க்காரனா எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுக்கு அப்புறம்தான். காவிரியைக் கொண்டு வர பெரிய கடன் வேணும். கார்ப்பரேஷனோட பொதுக் கணக்குல அதைக் கலந்தா எது தண்ணிக் காசு, எது ரோட்டுக் காசுன்னு தெரியாது. அதனால 1964ல சட்டம் போட்டு பெங்களூர் நீர் வழங்கல், கழிவுநீர் வாரியத்தைத் தனியா ஆரம்பிச்சாங்க. (நம்ம மெட்ராஸ்ல மெட்ரோ வாட்டர் வந்தது 1978ல.) அந்தச் சட்டம் சொல்றதோட சாரம் இதுதான்: அரசாங்கம் குடுக்கற மானியத்தையெல்லாம் வரவு வச்ச பிறகு, முடிஞ்ச வரைக்கும் வாரியம் நஷ்டத்துல ஓடக் கூடாது. ஓட்டற செலவு, வட்டி, பராமரிப்பு, தேய்மானம், கடன் தவணை இதுக்கெல்லாம் போதற மாதிரி கட்டணத்தை அப்பப்போ மாத்திக்கணும்.

தேய்மானம்! சட்டத்துலயே இருக்கு. ரயில்வே மாமா கேட்ட கேள்வியை 1964லயே எழுதி வச்சுட்டாங்க. ஆனா கட்டணத்தை மாத்த மாநில அரசோட சம்மதம் வேணும். விஷயம் அங்கேதான் மாட்டிக்கிச்சு.

1974ல காவிரி முதல் கட்டம். அப்புறம் 80கள்ல ரெண்டாவது, 1993ல மூணாவது, 2002லயும் 2012லயும் நாலாவதோட ரெண்டு பகுதி, 2024 அக்டோபர்ல அஞ்சாவது. தண்ணி வர்றது தொரேகாடனஹள்ளியில இருந்து, ஏறக்குறைய 100 கிலோமீட்டர். வழியில மூணு இடத்துல பம்பு வச்சு, நூத்துக்கணக்கான மீட்டர் உயரம் மேலே ஏத்தணும். இதுல ஒரு வேடிக்கை பாருங்க. 1905ல பெங்களூர்ல தெருவிளக்கு எரிஞ்சது அதே பக்கத்துல இருக்கற சிவனசமுத்திரத்துல காவிரி தண்ணி கீழே விழுந்து எடுத்த மின்சாரத்துல. அதுக்கும் பிள்ளையார் சுழி போட்டது சேஷாத்ரி ஐயர்தான். அன்னைக்குத் தண்ணி கீழே விழுந்து கரண்ட் குடுத்தது. இன்னைக்கு கரண்ட் செலவழிச்சு அந்தத் தண்ணியை மேலே இழுக்கறோம்.

ரெண்டு வகைச் செலவு இதுல இருக்கு. ஒண்ணு, நீங்க ஒரு சொட்டு கூடப் பிடிக்காட்டியும் இருக்கற செலவு: குழாய், பம்பு, கடன், ஆள் சம்பளம். இன்னொண்ணு, பிடிக்கப் பிடிக்க ஏறற செலவு: கரண்ட், குளோரின். கட்டணம் ரெண்டையும் சேத்துப் பிடிக்கணும். இங்கே ஏறக்குறைய எல்லா இணைப்புக்கும் மீட்டர் இருக்கறதால (சென்னையில பெரும்பாலான வீட்டுக்குக் கிடையாது) படிக்கட்டு மாதிரி ரேட் வச்சிருக்காங்க. 2014 நவம்பர் ரேட்படி வீட்டுக்கு முதல் 8,000 லிட்டர் வரை ஆயிரம் லிட்டருக்கு 7 ரூபாய். அடுத்து 25,000 லிட்டர் வரை 11 ரூபாய். அதுக்கு மேல 26, அப்புறம் 45. கடை, கம்பெனிக்கு ஆரம்பமே 50.

25,000 லிட்டர் செலவழிக்கற குடும்பத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்க. 8 x 7 = 56. 17 x 11 = 187. மொத்தம் 243 ரூபாய். மீட்டர், சாக்கடைக் கட்டணம் தனி. அதுலயும் சாக்கடைக்கு தண்ணிக் கட்டணத்துல ஒரு சின்னப் பங்குதான். போர்வெல் தண்ணியும், டேங்கர் தண்ணியும் கடைசியில அதே சாக்கடைக்குத்தான் போகுது. அதாவது வாரியம் குடுத்ததை விட அதிகமா வாரியம் வெளியேத்தணும். அதுக்கான காசு சரியா வரலைன்னா என்ன ஆகும்? பெல்லந்தூர் ஏரி நுரை தள்ளினதையும், 2015லயும் 2017லயும் தீப்பிடிச்சதையும் டிவியில பாத்திருப்பீங்க. தண்ணி நிக்கற ஏரியில தீ! நுரைக்குப் பல காரணம் சொல்வாங்க, ஆனா சுத்தம் பண்ணாம விட்ட சாக்கடைதான் அடிப்படை.

2005ல ஒரு தடவை ஏத்தினாங்க. அடுத்தது 2014. அதுக்கு அடுத்தது 2025 ஏப்ரல். நடுவுல பதினோரு வருஷம் இடைவெளி. அந்தக் காலத்துல வாரியத்தோட கரண்ட் செலவு ரெண்டு மடங்குக்கு மேல ஆயிடுச்சு. எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் ஏத்தலை. ஏதாவது ஒரு எலெக்‌ஷன் வந்துகிட்டே இருந்தது. 2025ல முதல் படிக்கு ஏத்தினது லிட்டருக்கு 0.15 பைசா, அதாவது ஆயிரம் லிட்டருக்கு ஒன்றரை ரூபாய். கூடவே இனிமே வருஷா வருஷம் 3 சதவீதம்னும் சொன்னாங்க. இதையே 2014ல இருந்து வருஷம் 3 சதவீதமா ஏத்தியிருந்தா, பத்து வருஷத்துல 7 ரூபாய் 9 ரூபாய் 40 காசு ஆயிருக்கும். யாருக்கும் தெரிஞ்சே இருக்காது.

சரி, ஏத்தாம விட்டா ஏழைக்கு நல்லதுதானேன்னு கேக்கலாம். நானும் அப்படித்தான் நினைச்சிருந்தேன். 2007ல சுத்துப்பட்டு நகரசபைகளையும் 110 கிராமத்தையும் சேத்துப் பெரிய பெங்களூர் ஆச்சு. காவிரிக் குழாய் உடனே அங்கே போகலை. நகரசபைப் பகுதிகள்ல ஜனங்க கிட்ட முன்கூட்டியே பங்குப் பணம் வாங்கிக் குழாய் போட்டாங்க. பணம் கட்டிட்டுப் பல வருஷம் காத்துகிட்டிருந்தவங்க நிறைய. 110 கிராமத்துக்கு அஞ்சாவது கட்டத்துலதான் வழி பொறந்தது.

2024 மார்ச் தண்ணிக் கஷ்டத்துல டேங்கருக்கு அரசாங்கமே விலை நிர்ணயம் பண்ணினது. 5 கிலோமீட்டருக்குள்ள 6,000 லிட்டர் 600 ரூபாய், 12,000 லிட்டர் 1,000 ரூபாய். அதாவது ஆயிரம் லிட்டர் 83ல இருந்து 100 ரூபாய் வரைக்கும். கட்டுப்படுத்தின விலையே இது! குழாய் இருக்கற வீட்டுக்கு 7 ரூபாய், குழாய் இல்லாத வீட்டுக்கு 100 ரூபாய்.

எங்க வீட்டு வேலைக்கு வர்ற அம்மா திருப்பத்தூர் பக்கம். குழாய் இல்லாத ஒரு சந்துல குடித்தனம். அந்த மாசம் அவங்க குடம் அஞ்சு ரூபாய்னு வாங்கினாங்க. 15 லிட்டர் குடம். மனசுக்குள்ள கணக்குப் போட்டேன், ஆயிரம் லிட்டர் 333 ரூபாய். கட்டணம் ஏறப் போகுதுன்னு பேப்பர்ல வந்ததை நான் வீட்டுல சத்தமாப் படிச்சப்ப, அவங்க பாத்திரம் தேய்ச்சுகிட்டே கேட்டாங்க: "ஏத்தினா எங்க சந்துக்கும் பைப்பு போடுவாங்களா சார்? போட்டா ஏத்தட்டுமே."

பதினோரு வருஷமா ஏறாத அந்த ஏழு ரூபாய் யாருக்குச் சலுகை? ஏற்கெனவே இணைப்பு இருந்தவங்களுக்கு. நம்ம மாதிரி ஆளுங்களுக்கு. அந்த விட்டுப்போன செலவு எங்கேயும் மறையலை. கொஞ்சம் அரசாங்கக் கஜானாவுக்குப் போச்சு, கொஞ்சம் பெல்லந்தூர் ஏரிக்குப் போச்சு, மிச்சம் அந்த அம்மாவோட குடத்துல வந்து விழுந்தது.

இன்னொரு பக்கமும் சொல்லணும். கட்டணம் ஏத்தினா மட்டும் எல்லாம் சரியாயிடாது. 2010கள்ல இங்கே அனுப்பின தண்ணியில நாப்பது சதவீதத்துக்கு மேல கசிவு, திருட்டுன்னு கணக்குல வராம போச்சு. அந்த ஓட்டையை அடைக்காம என் கிட்ட அதிகமாக் கேட்டா நான் கேள்வி கேப்பேன். கேக்கணும். அதே மாதிரி கம்பெனிக்காரன் தலையில எல்லாத்தையும் கட்டினா அவன் போர்வெல் போட்டுகிட்டு ஓடிடுவான். முதல் படியைக் குறைவா வச்சு ஏழைக்குக் குடுக்கறது நியாயம்தான். ஆனா குழாயே இல்லாத ஏழைக்கு அந்த முதல் படி எட்டாதுங்கறதையும் சேத்துப் பாக்கணும்.

எங்க சொசைட்டி கதையை முடிக்கலையே. போன வருஷ மீட்டிங்ல நானே எழுந்து, ஒவ்வொரு ஏப்ரலும் 5 சதவீதம் ஏத்தணும், அதுல ஒரு பங்கு மோட்டாருக்கும் பைப்புக்கும் ரிசர்வ்னு தனி அக்கவுண்ட்ல போடணும்னு தீர்மானம் கொண்டு வந்தேன். 31க்கு 24 ஓட்டுல நிறைவேறிச்சு. மிச்சப் பேர் வரவே இல்ல. டிரஷரர் பதவியில இருந்து என்னைத் தூக்கிட்டாங்க. புது டிரஷரர் யாருன்னு நினைக்கறீங்க? ரயில்வே மாமாதான்.

நீங்க பூனாவோ, ஹைதராபாத்தோ, டில்லியோ, எந்த ஊர்ல இருக்கீங்களோ, உங்க தண்ணி பில்லை எடுத்து ஆயிரம் லிட்டருக்கு என்ன விழுதுன்னு ஒரு தடவை வகுத்துப் பாருங்க. அப்படியே வீட்டு வேலைக்கு வர்றவங்க கிட்டயும் கேளுங்க, அவங்க ஒரு குடத்துக்கு என்ன குடுக்கறாங்கன்னு. ரெண்டையும் இங்கே பின்னூட்டத்துல எழுதுங்க. ஊர் ஊரா ஒரு பட்டியல் போட்டுப் பாக்கலாம்.