கூடிப் பயின்றால் கல்லும் பேசும்

ஆண்டு விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமெனச் சங்கத்தார் பணித்தபோது, மெட்ரிகுலேஷனோடு ஏட்டைக் கட்டிவைத்துவிட்டு இரயில்வே அலுவலகத்தில் பேரேடு எழுதும் யான் இதற்குத் தகுவேனோ என அஞ்சினேன். எனினும் என் தொழிலே எனக்கு ஒன்றைக் கற்பித்துள்ளது. வண்டி நிலையத்தை விட்டு நகர்வதற்கு ஓட்டுநர் ஒருவர் மட்டும் போதார். நிலைய அதிகாரி, கார்டு, கைகாட்டி இயக்குவோர், சரக்குக் கணக்கர் ஆகிய அனைவரும் தத்தம் பணியைச் செய்தல் வேண்டும். பழம்பொருள் ஆராய்ச்சியும் அத்தன்மைத்தே.

நம் நகரின் தென்பால் மடிவாளத்தில் சோமேசுவரர் கோயில் உள்ளது. அதன் சுவரில் 1247-ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று காணப்படுகின்றது. வேப்பூரைச் சேர்ந்த ஒருவர், வெங்காலூர்ப் பெரிய ஏரியின் கீழுள்ள நிலத்தைக் கோயிலுக்கு அளித்த செய்தி அது. பழைய எழுத்தறிந்தவர் இதனைப் படித்துவிடுவார். ஆனால் வேப்பூர் யாது? வெங்காலூர் யாது? ஈண்டு மொழிநூல் வல்லார் துணை வேண்டும். தமிழில் வகரத்தில் தொடங்கும் சொற்கள் பல கன்னடத்தில் பகரம் பெறும். நம் வெள்ளி அவர்க்குப் பெள்ளி. எனவே வேப்பூர் இன்றைய பேகூர். வெங்காலூர் நாம் வாழும் பெங்களூரே! தாமரை அவர்க்குத் தாவரெ ஆதலால், அக்கோயிற் கல்வெட்டுகளில் தாமரையின் பெயரால் வழங்கும் ஊர் இன்றைய தாவரெக்கெரெ ஆயிற்று.

மொழியறிவோடும் பணி முடியவில்லை. 'ஏரியின் கீழ்' என்றால் நீருக்கு அடியில் என நம் நகரத்துப் பிள்ளைகள் எண்ணக்கூடும். மதகின் வழியே பாசனம் பெறும் நிலம் என்பதை உழவறிந்தவர் கூறுவார். அந்த ஏரி எங்கிருந்தது என்பதை நில அளவை பயின்றவரே தேடவேண்டும். ஒரு கல்லைப் படிக்க இத்தனை பேர் தேவை!

இவ்வுண்மையை உணர்ந்தோர் நம் நகரில் முன்பே இருந்தனர். இந்நகரிலேயே பிறந்த பெஞ்சமின் லூயிஸ் ரைஸ், மைசூர் நாட்டுக் கல்வெட்டுகளைத் திரட்டி 'எபிகிராபியா கர்னாட்டிகா' என்னும் தொகுதிகளாக வெளியிட்டார். அவற்றுள் பெங்களூர் மாவட்டத்துக்குரிய ஒன்பதாம் தொகுதி 1905-இல் வெளிவந்தது. 1909-இல் எஃப். ஜே. ரிச்சர்ட்ஸ் என்னும் ஆட்சியாளர் மித்திக் சொசைட்டியைத் தோற்றுவித்தார். தொன்மக்கதை, வரலாறு, மக்களின வழக்கங்கள், சமயம் ஆகியவற்றைச் சேர்ந்து ஆராய்வதே அக்கழகத்தின் நோக்கம். அதே கழகத்தின் சார்பில் 2021 முதல், பெங்களூர்க் கல்வெட்டுகளைக் கணிப்பொறியின் உதவியால் முப்பரிமாண உருவில் பதிவு செய்யும் பணி நடைபெற்றது. பொறியியலாரும் எழுத்தறிஞரும் தோளோடு தோள் நின்ற பணி அது.

தமிழகத்தை நோக்கினும் இதுவே காண்கின்றோம். சப்பானியப் பேரறிஞர் நொபொரு கராசிமா, நம் நாட்டுப் பேராசிரியர் சுப்பராயலு, தொரு மட்சுயி ஆகிய மூவரும் கூடிச் சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களுக்கு ஒரு பெரும் அகராதியை 1978-இல் வெளியிட்டனர். கணிப்பொறி அரிதாயிருந்த அக்காலத்திலேயே அதன் துணையை நாடினர். தனித்தனிக் கல்லிற் சிதறிக் கிடந்த பெயர்கள் ஒருங்கே வரிசைப்பட்டபோது, எப்பட்டம் எக்காலத்து வழங்கிற்று, எத்தகையோர் நிலம் உடையவராயினர் என்பனவற்றை ஆராய வழி பிறந்தது.

என் மனத்தை உறுத்தும் ஒன்றைக் கூறுகின்றேன். பல ஆண்டுகட்கு முன், ஒரு சிற்றூரில் எழுத்துப் பொறித்த கல்லொன்று துணி துவைக்கும் கல்லாய்க் கிடக்கக் கண்டேன். படிக்கத் தெரியாதவனாய்ப் பார்த்துச் சென்றேன், யாரிடமும் கூறினேனில்லை. மீண்டும் சென்றபோது அவ்விடத்தில் மாடிவீடு நின்றது; கல்லைக் காணவில்லை. அதில் எம்மொழி இருந்தது என்பதையும் இன்று கூறவல்லேன் அல்லேன். ரைஸ் பதிவு செய்த கற்களுள்ளும் பல, நகரம் பெருகப் பெருக மறைந்தொழிந்தன.

நம் குடியிருப்பில் இன்று பட்டமேற்படிப்புப் பயிலும் இளைஞர் பலர் உளர். ஒருவர் பொறியியல், ஒருவர் சட்டம், ஒருவர் தாவரவியல் பயில்கின்றனர். திங்களுக்கு ஒரு ஞாயிறு இவர்கள் கூடி, அருகிலுள்ள தொம்மலூர்ச் சொக்கநாதசுவாமி கோயிலுக்குச் சென்று அங்குள்ள தமிழ்க் கல்வெட்டுகளினின்று தொடங்கலாகாதா? கன்னட நண்பரையும் உடன் அழைத்துச் செல்க. பேகூர் வீரக்கல்லில் பெங்களூர்ப் போரைக் குறிப்பது பழங்கன்னடம், ஏறத்தாழ கி.பி. 890-ஐச் சேர்ந்தது அது. மடிவாளத்தில் இவ்வூரைக் குறிப்பது தமிழ். இரண்டையும் சேர்த்துப் படித்தாலன்றி இவ்வூரின் வரலாறு முழுமை பெறாது. மண் யாருடையது என வழக்காடுவதற்கன்று. முன்னோர் எவ்வாறு கூடி வாழ்ந்தனர் என அறிதற்கே இக்கல்வி.

என் போன்றோர் காணாது விட்ட கற்களை நம் மக்களாவது காக்கட்டும். கூடிப் பயில்வோம்! வாழ்க தமிழ்! வளர்க நம் அயலாரோடு கொண்ட அன்பு!