மறைந்திருந்த நிறம்



1953இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் கறுப்பே இல்லாத ஒரு கோர்ன் பாம்பு பிடிபட்டது. வழமையாக இந்தப் பாம்பின் செம்மஞ்சள் உடலில் கறுப்புக் கரையிட்ட சிவப்புத் திட்டுகள் இருக்கும். இதிலோ கறுப்பு அறவே இல்லை; கண்களும் சிவப்பு.

பேர்னாட் பெக்டெல் என்ற தோல் வைத்தியரும் மனைவி எலிசபெத்தும் அதனை வழமை நிறப் பாம்போடு சோடி சேர்த்தார்கள். குஞ்சுகள் அத்தனையும் வழமை நிறம். அவை வளர்ந்து தமக்குள் இணைந்தபோதுதான் மறைந்த நிறம் திரும்பி வந்தது. 1962இல் இதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள்.

வகுப்பில் நாம் பட்டாணிச் செடி வைத்துப் படிப்பிக்கும் மெண்டலின் கணக்குத்தான் இது. காவிகள் இரண்டு சேர்ந்தால் ஒவ்வொரு முட்டைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு. அதனால்தான் இன்றும் பாம்பு வளர்ப்பவர்கள் சோடி சேர்க்கும்போது நிறத்தை மட்டும் பார்ப்பதில்லை. தாய் தகப்பனின் பதிவையும் கேட்கிறார்கள்.

பாம்புக் கதை நமக்கெதற்கு? தலசீமியாவும் இதே கணக்குத்தான். காவிகள் இருவரும் சுகமாகவே தெரிவார்கள். பாம்புக்குப் போனது நிறம் மட்டும். பிள்ளைக்கோ ஆயுள் முழுக்க இரத்தம் ஏற்ற வேண்டிவரலாம்.

சொந்தத்துக்குள் சம்பந்தம் பேசும் நாம், நிகாஹ்வுக்கு நாள் குறிக்க முன் ஒரு இரத்தப் பரிசோதனை செய்துகொள்வோம். அதில் எந்தக் குடும்பத்துக்கும் மரியாதைக் குறைவில்லை.